பத்துக்கு ஏழு ஜெயிச்சும் பணம் ஏன் கரையுது? பத்தாம் வகுப்பு நிகழ்தகவு பாதியில விட்ட கணக்கு



இந்தப் பதிவு ஒரு டீக்கடை பெஞ்சுல ஆரம்பிச்சது. ஊர் வீரசோழன். விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. அருப்புக்கோட்டைப் பக்கம் இருந்து பஸ்ல வந்தா, ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலமும் பாதி காஞ்ச கண்மாயும்தான் கூடவே வரும். அன்னைக்குச் சந்தை நாள். ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கூட்டத்தைத் தாண்டி நானும் என் அத்தை மகனும் டீ குடிக்க உட்கார்ந்தோம். அவனுக்கு வயசு 25, சோழிங்கநல்லூர்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 32,000.

"மச்சான், ஆப்ஷன்ல பத்து டிரேடு போட்டா ஏழு ஜெயிக்கிறேன். ஆனா அக்கவுண்ட்ல பணம் மட்டும் ஏறவே மாட்டேங்குது. ஆப்ல ஏதும் கோளாறா இருக்குமோ?"

ஆப்ல கோளாறு இல்லை. ஏழு, பத்துங்கிற அந்த ரெண்டு நம்பரை மட்டும் வச்சு லாபமா நஷ்டமான்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல அந்த ரெண்டு நம்பரோடதான் நின்னுட்டோம். அது எங்கே நின்னுச்சுன்னு முதல்ல பார்ப்போம்.

கடைசிப் பாடம்

பத்தாம் வகுப்பு கணக்குல நிகழ்தகவு கடைசிப் பாடம். ஞாபகம் இருக்கா? ரிவிஷன் டெஸ்ட் அவசரத்துல ரெண்டு வாரத்துல ஓடிப் போயிடும். நாணயம் சுண்டுறது, ரெண்டு பகடை உருட்டுறது, 52 சீட்டுல ஒரு சீட்டு எடுக்கிறது. வீட்டுல சீட்டுக்கட்டு இருந்தா முதுகுல அடி விழும்; பரீட்சையில அதே சீட்டுக்கட்டுல இருந்துதான் 5 மார்க் விழும். ஸ்பேடுக்கும் கிளாவருக்கும் வித்தியாசம் தெரியாத நல்ல பசங்க அந்தக் கேள்விய விட்டுட்டு வந்ததை நானே பார்த்திருக்கேன்.

பாடம் சொல்றது எளிமையான விஷயம். நடக்கக்கூடிய எல்லா விளைவுகளையும் எழுது, அதுதான் கூறுவெளி. உனக்கு வேணும்கிற விளைவுகளை அதுல எண்ணு. ரெண்டையும் வகு. அவ்வளவுதான்.

பகடைக்குப் பதிலா நம்ம ஊர் தாயக்கட்டையை எடுத்துக்குவோம். நீளமான ரெண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொண்ணுலயும் நாலு பக்கம்: வெறுமை, 1, 2, 3. ரெண்டையும் சேர்த்து உருட்டினா 4 பெருக்கல் 4, மொத்தம் 16 விளைவுகள். தாயம்னா கூட்டினா ஒண்ணு வரணும். ஒரு கட்டை வெறுமை, இன்னொண்ணு 1. இது ரெண்டு விதமா வரலாம். அதனால 16-ல் 2, அதாவது 8-ல் 1. ரெண்டும் வெறுமையா விழுந்தா பன்னிரண்டு. அது 16-ல் 1 தான். அதிகமா விழுறது மூணு: 16-ல் 4. மூணு விழுந்தா நாம "ச்சே"ன்னு சொல்றோமே, அது அதிர்ஷ்டம் கெட்டதால இல்லை. கூறுவெளியில அதுக்குத்தான் இடம் அதிகம்.

தாயம் விழுந்தாதான் காய் இறங்கும். ஏழெட்டு தடவை உருட்டியும் விழலைன்னா பக்கத்துல இருக்கிற பெரியம்மா என்ன சொல்லும்? "இவ்வளவு நேரம் விழல, இந்தா இப்ப விழுந்துரும் பாரு." கட்டைக்கு இதெல்லாம் தெரியாது. எட்டு தடவை உருட்டியும் தாயமே விழாம இருக்க வாய்ப்பு, 7/8-ஐ எட்டு தடவை பெருக்கினா வரும்: சுமார் 34 சதவீதம். மூணு பேர் விளையாடினா ஒருத்தருக்கு இப்படி ஆகுறது சாதாரணம். ஒன்பதாவது தடவைக்கும் வாய்ப்பு அதே 8-ல் 1 தான். ஒவ்வொரு உருட்டலும் சார்பிலா நிகழ்ச்சி.

நாலு நாள் சிவப்புல போன பங்கு "அஞ்சாவது நாள் ஏறித்தானே ஆகணும்"னு நம்புறது இந்தப் பெரியம்மா கணக்குதான்.

வாய்ப்பு வேற, விகிதம் வேற

பதினொண்ணாம் வகுப்புல கணக்கு எடுத்தவங்களுக்கு இன்னொரு விஷயம் வரும்: சாதக விகிதம், பாதக விகிதம். தாயம் விழ வாய்ப்பு 8-ல் 1. அதையே விகிதமா சொன்னா, விழறதுக்கு 1 பங்கு, விழாததுக்கு 7 பங்கு. 1-க்கு 7. இது சும்மா எழுத்து மாத்தம் மாதிரி தெரியும். ஆனா பணம் வைக்கும்போது இந்த விகிதம்தான் விலை.

உங்ககிட்ட ஒருத்தர் வந்து, "ஒரு ரூபா வை, தாயம் விழுந்தா 7 ரூபா தர்றேன்"னு சொன்னா அது நியாயமான ஆட்டம். நீண்ட நேரம் ஆடினா யாருக்கும் லாபம் இல்லை, நஷ்டம் இல்லை. "5 ரூபா தர்றேன்"னு சொன்னா? எட்டு ஆட்டத்துல ஒரு தடவை 5 வரும், ஏழு தடவை ஒவ்வொரு ரூபா போகும். நிகரமா 2 ரூபா நஷ்டம். ஒரு ஆட்டத்துக்கு 25 பைசா. ஒவ்வொரு ஆட்டத்துலயும் 25 பைசா போறது கண்ணுக்குத் தெரியாது. அந்த 5 ரூபா ஜெயிச்ச சந்தோஷம்தான் தெரியும்.

இப்போ நீங்க செஞ்சதுக்குப் பேர்தான் கணித எதிர்பார்ப்பு. ஒவ்வொரு விளைவோட வாய்ப்பையும் அதுல வர்ற பணத்தோட பெருக்கி, எல்லாத்தையும் கூட்டு. இது வர்றது பன்னிரண்டாம் வகுப்புலதான்: கணக்குப் பாடத்துல நிகழ்தகவுப் பரவல்கள், வணிகக் கணிதத்துல சமவாய்ப்பு மாறியும் எதிர்பார்த்தலும். பத்தாவதோட நின்னவங்க, ஐடிஐ போனவங்க, மேல்நிலையில கணக்கே இல்லாத குரூப் எடுத்தவங்க யாருமே இதைப் பார்க்க மாட்டாங்க. எடுத்தவங்களும் தொகைக்குறி போட்ட சூத்திரமா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பாங்க. அதுல பணம்னு ஒரு சொல் இருக்கும்னு யாரும் நினைக்கலை. என்னைக் கேட்டா இந்த ஒரு பெருக்கல் கூட்டலைப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டு வரலாம். அதுக்குப் புதுசா எந்தக் கணக்கும் தெரிய வேண்டியதில்லை.

டீக்கடையில போட்ட கணக்கு

சரி, மாப்ளைகிட்ட வருவோம். "ஜெயிக்கும்போது சராசரியா எவ்வளவு வரும்?" "ஒரு 800 வந்தா வித்துருவேன் மச்சான், பயம்." "தோக்கும்போது?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மேல வரும்னு வச்சிருப்பேன்... 3,000 போயிரும்."

ஏழு தடவை 800: 5,600 வரவு. மூணு தடவை 3,000: 9,000 செலவு. பத்து டிரேடுக்கு 3,400 நஷ்டம், ஒரு டிரேடுக்கு 340. வாங்க ஒரு ஆர்டர், விக்க ஒரு ஆர்டர்னு ஆர்டருக்கு 20 ரூபா புரோக்கரேஜ் வச்சா, பத்து டிரேடுக்கு இன்னொரு 400. எஸ்டிடி, ஜிஎஸ்டி, ஸ்டாம்ப் டியூட்டி தனி. ஏழு ஜெயிக்கிறவன் தப்பிக்கணும்னா தோக்குற மூணும் சராசரியா 1,866 ரூபாய்க்குள்ள நிக்கணும். அதுவும் புரோக்கரேஜ் இல்லாம.

"ஜெயிக்கிற விகிதம்" மட்டும் பெருசா போட்டு வர்ற விளம்பரங்களையும் டெலிகிராம் குரூப்களையும் பார்க்கும்போது இதை மட்டும் கேளுங்க: தோத்தா எவ்வளவு? பதில் வராது.

இங்க ஒரு நேர்மையான விஷயம் சொல்லணும். தாயக்கட்டைக்கு நாலு பக்கம்னு நமக்குத் தெரியும். மார்க்கெட்டுக்கு எத்தனை பக்கம்னு யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்புல இதுக்குத்தான் பட்டறி நிகழ்தகவுன்னு ஒண்ணு இருக்கும். எண்ணிப் பார்த்து, பட்டு அறிஞ்சு கண்டுபிடிக்கிற வாய்ப்பு. தாயக்கட்டைக்குப் பதிலா சோழி போட்டு ஆடுவாங்களே, அது மாதிரி. சோழி குப்புற விழ வாய்ப்பு பாதின்னு எந்தச் சூத்திரமும் சொல்லாது. நூறு தடவை போட்டுப் பார்த்துத்தான் சொல்லணும்.

எஃப் அண்ட் ஓ-வுக்கு அப்படி எண்ணிப் பார்த்தவங்க செபி. 2024 செப்டம்பர்ல வந்த அவங்க ஆய்வுப்படி, 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுல தனிநபர் டிரேடர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். ஒரு கோடிக்கும் அதிகமான பேர், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பார்த்தது 1 சதவீதம் பேர். 2025 ஜூலையில வந்த அடுத்த ஆய்வுல, அதுக்கடுத்த நிதியாண்டுலயும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம். என்னை அதிகம் உறுத்துனது வேற ஒரு வரி: 2024 நிதியாண்டுல ஆடினவங்கள்ல 43 சதவீதம் பேர் 30 வயசுக்குக் கீழ. இந்தப் பதிவைப் படிக்கிற நாமதான்.

"அப்ப நஷ்டத்தை அடுத்ததுல டபுளா போட்டு எடுத்துட்டா?" மாப்ளை விடலை. இதுவும் பழைய யோசனை. 1,000 தோத்தா 2,000 வை, அதுவும் போனா 4,000, 8,000, 16,000. ஒரு தடவை ஜெயிச்சா எல்லாம் திரும்பி வந்து மேல 1,000 லாபம். அஞ்சும் தொடர்ந்து தோத்தா 31,000 போச்சு. அவன் சம்பளம் 32,000. ஒவ்வொண்ணும் பாதி வாய்ப்புன்னு வச்சா, அஞ்சும் தோக்க 32-ல் 1. சின்ன நம்பர்தானேன்னு தோணும். ஆனா இந்தச் சுத்தை 22 தடவை பண்ணினா, அதுல ஒரு தடவையாவது மொத்தமா மூழ்க வாய்ப்பு பாதிக்கு மேல. மூழ்காம வந்தா கையில 22,000. மூழ்கினா ஒரே நாள்ல ஒரு மாசச் சம்பளம்.

லாட்டரி இருந்த காலம்

எங்க அப்பா காலத்துல இதுக்கு ஆப் தேவைப்படலை. தமிழ்நாடு அரசே 1968-ல் பரிசுச் சீட்டு ஆரம்பிச்சது. 2003 ஜனவரியில தடை வர்ற வரைக்கும் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் தொங்காத பெட்டிக்கடை கிடையாது. அப்பா டைரியில பழைய டிக்கெட்டுகளை நான் பார்த்திருக்கேன், ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா இருக்கும். ஏன் வச்சிருந்தார்னு கேட்டா, "ஒரு நம்பர்ல போச்சுடா"ன்னு ஒண்ணைக் காட்டுவார். ஒரு நம்பர்ல போனதுக்கும் ஆறு நம்பர்ல போனதுக்கும் பரிசு ஒண்ணுதான், பூஜ்யம். ஆனா மனசு அதை "கிட்ட வந்துட்டோம்"னு எழுதி வச்சுக்குது.

இப்பவும் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுல கேரள டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க. ஓணம் பம்பரை எடுத்துக்குங்க. டிக்கெட் 500 ரூபா, முதல் பரிசு 2022-ல் இருந்து 25 கோடி. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மிச்சத்துல 30 சதவீதம் வரி போக, சர்சார்ஜை விட்டுட்டாலும் கையில 15.75 கோடி. 75 லட்சம் டிக்கெட் வித்ததா வச்சுக்குவோம். 15.75 கோடியை 75 லட்சத்தால வகுத்தா 21 ரூபா. உங்க 500 ரூபா டிக்கெட்டுக்குள்ள அந்த 25 கோடிக் கனவோட விலை அவ்வளவுதான். மத்த சின்னப் பரிசுகளையும் சேர்க்கணும், அது நியாயம். சேர்த்தாலும் 500 பக்கம் வராது. வந்தா கேரள அரசுக்கு அதுல என்ன வருமானம்?

குலுக்கல் சீட்டு

இதை எழுதச் சொன்னதே எங்க அத்தை. ஊர்ல 20 பேர், மாசம் 5,000, மாசம் ஒருத்தர் பேரைக் குலுக்கி ஒரு லட்சம் கொடுக்கிற சீட்டு. தள்ளுபடி கிடையாது, ஏலம் கிடையாது. "முத மாசம் விழலைன்னா ரெண்டாவது மாசம் ஆள் குறைஞ்சிடுதுல்ல, அப்ப வாய்ப்பு கூடுதா?"ன்னு கேட்டாங்க.

அருமையான கேள்வி. முதல் மாசம் 20-ல் 1. ரெண்டாவது மாசம் 19 பேர்தான் இருக்காங்க, அதனால 19-ல் 1. ஆனா ரெண்டாவது மாசம் வரைக்கும் காத்திருக்கணும்னா முதல் மாசம் விழாம இருக்கணும், அதுக்கு 20-ல் 19. ரெண்டையும் பெருக்குங்க: 19 அடிச்சுப் போகும், மறுபடியும் 20-ல் 1. மூணாவது, பத்தாவது, இருபதாவது மாசம் எதுக்குப் போட்டாலும் 20-ல் 1 தான். ஆக, ஆரம்பத்துல எல்லாருக்கும் சம வாய்ப்பு. நியாயமான சீட்டு.

ஆனா சம வாய்ப்புன்னா சம பணம் இல்லை. முதல் மாசம் எடுக்கிறவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசி மாசம் எடுக்கிறவர் 19 பேருக்கும் வட்டியில்லாம கொடுத்திருக்கார். அதே 5,000-ஐ 7 சதவீத ஆர்டி-யில போட்டிருந்தா அவருக்குச் சுமார் 6,000 ரூபா வட்டி வந்திருக்கும். அத்தை கணக்கைக் கேட்டுட்டு, "ஆர்டி-ல போட்டா பாதியில எடுத்துருவேன்டா, சீட்டுன்னா நாலு பேரு கேப்பாங்கன்னு கட்டிருவேன்"னுச்சு. அதுக்கு என்கிட்ட சூத்திரம் இல்லை.

ஒண்ணு மட்டும் எச்சரிக்கை. "பேர் விழுந்தவர் மேற்கொண்டு கட்ட வேண்டாம்"னு பைக், பாத்திரம், தங்கக் காசு காட்டுற குலுக்கல் திட்டங்கள் வேற ஜாதி. அதுல விழுந்தவரோட பாக்கியை மத்தவங்கதான் சுமக்குறாங்க. இந்த மாதிரி பரிசுச் சீட்டுகளை 1978-லயே மத்தியச் சட்டம் தடை பண்ணிடுச்சு. பணம் வராட்டி போலீஸ்ல புகார் கொடுக்கலாம். வாங்கிக் கொடுக்கிற வாய்ப்பை நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

நஷ்டம்னு தெரிஞ்சே போட வேண்டிய பந்தயம்

இவ்வளவு சொல்லிட்டு, எதிர்பார்ப்பு மைனஸ்ல இருக்கிற ஒண்ணை நான் வருஷா வருஷம் வாங்குறேன்: டேர்ம் இன்சூரன்ஸ். ஒரு கோடிக்கு பிரீமியம் 10,000-ன்னு வைங்க. அந்த வருஷம் நான் போய்ச் சேர வாய்ப்பு 1,500-ல் 1-ன்னு வைங்க. எதிர்பார்ப்பு 6,667 ரூபா. 3,333 எனக்கு நஷ்டம், கம்பெனிக்கு லாபம். இருந்தும் ஏன்? லாட்டரியில தோத்தா 500 ரூபா போகும், ஜெயிச்சா வாழ்க்கை மாறும். ஆனா அந்த மாத்தம் இல்லாமலும் வீடு நடக்கும். இங்க அந்த 1,500-ல் 1 நடந்தா வீடு நடக்காது. சராசரிங்கிறது பல தடவை ஆடுறவங்களுக்கான கணக்கு. கம்பெனி லட்சம் பேரோட ஆடுது. நான் ஒரு தடவைதான்.

கம்பெனிக்கும் பயம் உண்டு: ஒரே வருஷத்துல எதிர்பார்த்ததை விட ரொம்ப அதிகமா கிளைம் வந்து கஜானா காலியாக எவ்வளவு வாய்ப்பு? 1930-களில் ஸ்வீடன்காரர் கிராமர் இன்சூரன்ஸுக்காக எழுப்பின இந்தக் கேள்வியில இருந்துதான் பெருவிலகல்னு ஒரு கணிதத் துறையே வளர்ந்தது. அதைப் பெரிய கோட்பாடா கட்டினவர் சென்னையில பிறந்து மாநிலக் கல்லூரியில படிச்ச எஸ்.ஆர்.எஸ். வரதன். 2007-ல் ஏபல் பரிசு வாங்கினார். நம்ம பத்தாம் வகுப்புப் புத்தகத்துல பகடைக்குப் பக்கத்துல அவர் படம் ஒண்ணு போடலாம்.

எங்க பக்கம் விவசாயிக்கு இன்சூரன்ஸ்னா பயிர்க் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டுல காப்பீட்டுத் தொகையில ராபி பயிருக்கு 1.5 சதவீதம், காரீஃப்புக்கு 2, பருத்தி மிளகாய் மாதிரி பயிர்களுக்கு 5 சதவீதம்தான் விவசாயி கட்டுவார், மீதிய அரசுகள் கட்டும். ஏக்கருக்கு 30,000 ரூபா காப்பீடுன்னா 1.5 சதவீதம் 450 ரூபா. வானம் பார்த்த பூமியில பத்து வருஷத்துல ஒரு தடவை முழுசா காஞ்சாலே எதிர்பார்ப்பு 3,000. விவசாயி பக்கம் சாயுற அபூர்வமான பந்தயம். ஆனா இழப்பைப் பொதுவா உங்க வயலை வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, அறிவிச்ச பகுதியில எடுத்த அறுவடைப் பரிசோதனையை வச்சுத்தான். உங்க வயல் மட்டும் காஞ்சா உங்களுக்கு ஒண்ணும் வராம போகலாம்.

சார்பிலா நிகழ்ச்சியை எங்க ஊர்ல எல்லாரும் புத்தகம் இல்லாமலே தெரிஞ்சு வச்சிருக்காங்க. வெள்ளாமை பொய்ச்சா கைகொடுக்கட்டும்னுதான் வீட்டுக்கு நாலு ஆடு. ஆனா மழையே இல்லாத வருஷம் எல்லாரும் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டு வந்திடுவாங்க, விலை விழுந்திடும். பயிரும் ஆடும் தனித்தனி மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டுக்கும் தாய் ஒரே மழை. அதனாலதான் வீட்டுக்கு ஒரு பையன் சென்னையிலயோ வளைகுடாவுலயோ. சம்பளம், கம்பெனி கொடுத்த பங்கு, அதே துறை மியூச்சுவல் ஃபண்டுன்னு மூணு இடத்துல பணம் இருக்கிறதா நினைக்கிற ஐடி நண்பர்கள் கொஞ்சம் யோசிங்க, உங்க மூணுக்கும் மழை ஒண்ணுதானே?

ரெண்டு வாரம் கழிச்சு மாப்ளை வாட்ஸ்அப்ல ஒரு ஷீட் அனுப்பினான். ஒரு வருஷ டிரேடு முழுசும் எண்ணியிருக்கான். மொத்தம் 186. ஜெயிச்சது 121, சராசரி 740 ரூபா. தோத்தது 65, சராசரி 2,150. வரவு 89,540, போனது 1,39,750. நிகர நஷ்டம் 50,210, ஒரு டிரேடுக்கு 270. புரோக்கரேஜும் வரியும் இதுல இல்லை.

கீழ ஒரு வரி எழுதியிருந்தான்: "மச்சான், 65 சதவீதம் ஜெயிச்சிருக்கேன். பன்னெண்டாவது கணக்கு புக்கு பிடிஎஃப் இருந்தா அனுப்பு."